வரிசை எண்

எட்டு, காதர் பாஷா.
ஒன்பது, கிருபாகரன்.
பத்து, நான்.
அகர வரிசைதான் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது.
குடியாத்தத்தில் ஆண்கள் பள்ளி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு,
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எப்போதும் ஓடாத இரண்டாவது ஃபேன்.

கணக்கு சார் பெயர் சொல்ல மாட்டார், எண்தான்.
ஏழு என்பார், எட்டு என்பார்,
அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
அந்த இடைவெளி எதற்கென்று வகுப்புக்கே தெரியும்.
"ஒன்பது."
நாற்பத்திரண்டு பேர் மேசையைத் தட்டுவார்கள்.
என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறேன்.
அவன் சொன்ன "உள்ளேன் ஐயா"
ஒருநாளும் பதிவேடு வரை போய்ச் சேர்ந்ததில்லை.

அவன் அம்மா பீடி சுற்றுகிறவள்.
ராத்திரியில் அவனும் முந்நூறு சுற்றுவான்.
முனை மடக்கக் கட்டைவிரலில் நகம் விட்டிருந்தான்.
"இன்னாடா, மருதாணி வெச்சிக்கினு வர்லியா?"
மதனகோபால் அந்த விரலைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டே கேட்பான்.
நகம் பிய்ந்த அன்று
முந்நூறு இருநூறாகியிருக்கும்,
கூலியில் பிடித்திருப்பார்கள்.
இந்தக் கணக்கை நான் போட்டதெல்லாம்
ரொம்பப் பின்னால்.

தண்ணீர் பாட்டில் கொண்டு வருவான். பச்சை மூடி.
சாயங்காலம் அதே அளவில் திரும்பிப் போகும்.
தெருநாய்கூடச் சாக்கடை ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுக்கும்
எங்கள் ஊர் வெயில்.
அவன் குடிக்க மாட்டான்.
குடித்தால் போக வேண்டும்.
கழிப்பறைக்குக் கதவு இல்லை,
கதவு இருக்க வேண்டிய இடத்தில்
அவர்கள் நின்றார்கள்.

பிரேயரில் இரண்டு தடவை மயங்கி விழுந்தான்.
"காலைல துன்னுட்டு வர மாட்டியாடா" என்றார் பி.டி. சார்.
நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒருநாள் அவன் சட்டை முதுகில்
நீல மையில் ஒரு ஒன்பது.
கவுண்டன்யா ஆற்றுப் பாலம் தாண்டி
நெல்லூர்பேட்டை வரைக்கும்
தெரியாமலே சுமந்து போனான்.
மறுநாள் துவைத்த சட்டையில் அது வெளிறித் தெரிந்தது.
யார் எழுதினார்கள் என்று அவன் கேட்கவில்லை.
என் ஒன்பதுக்கு வால் இடப்பக்கம் கொஞ்சம் சுழியும்.
என் கணக்கு நோட்டை தினமும் பார்க்கிறவன் அவன்.

முந்தின வாரம் கிராஃப் தாள் கடன் கொடுக்கும்போது
அவன் விரல் என் மணிக்கட்டில் இருந்தது,
தேவைக்கு மேல் ஒரு நொடி.
கையை எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.
காதர் பார்த்திருப்பானோ என்று
அன்று ராத்திரி முழுக்க விழித்திருந்தேன்.
அவ்வளவுதான் காரணம்.

பொங்கல் லீவு முடிந்து அவன் வரவில்லை.
டி.சி. வாங்க அம்மா மட்டும் வந்தாள்,
ஹெச்.எம். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு.
காரணம் என்ற கட்டத்தில்
"குடும்பச் சூழ்நிலை" என்று நிரப்பினார்கள்.
அவள் கைநாட்டு வைத்தாள்.

பொதுத்தேர்வுப் பட்டியலுக்காக
எங்களை ஒவ்வொரு படி மேலே ஏற்றினார்கள்.
ஏழு. எட்டு.
சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை.
"ஒன்பது."
என்னிடம் இருந்ததிலேயே தடித்த குரலை எடுத்து
"உள்ளேன் ஐயா" என்றேன்.
ஒரு மேசையும் சத்தம் போடவில்லை.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம்.
ஒருத்தியின் தலையை
இன்னொருத்தியின் உடலில் பொருத்தி
ஊரே விழுந்து கும்பிடுகிறது.
மதனகோபால் மகளைத் தோளில் ஏற்றிக் காட்டுகிறான்.
"உனக்கு எப்பதான்டா கல்யாணம்?"
பதில் சொல்கிறேன், அதே தடித்த குரலில்.

நீர்மோர்ப் பந்தலில் யாரோ டம்ளரை நீட்டுகிறார்கள்.
வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன்.

கிருபா,
பாட்டில் நிறைந்தே திரும்பியது எனக்குத் தெரியும்.
தினமும் தெரியும்.